படகுக்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு வாசலில் இந்த ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் கூடி நின்றோம். ஆண்கள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். பெண்கள் பட்டுப்புடவை கட்டி முக்காடு போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு டிரெய்லர். அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்திய நீளமான ஒரு பொருள். போதகர் அதன் மேல் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் எதற்கும் அழக்கூடிய ஓர் அம்மா உண்டு. அவர் வழக்கம்போல அழுதார்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், கடலோரத்து ஊர் ஒன்றில். எதிர்வீட்டு மார்கரெட் வயதான வெள்ளைக்கார அம்மாள், தனியாக இருப்பவர். ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறார். நாங்கள் ஆமென் சொல்லி முடித்ததும், கறுப்பு உடை மாற்றிக்கொண்டு, துண்டு சுற்றிய சூடான பாத்திரம் ஒன்றோடு சாலையைக் கடந்து வந்தார். துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போவது இங்கே வழக்கம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் எனக்கு அது தெரியும். என் வீட்டுக்காரர் தேவராஜுக்குத் தெரியாது. பரிசு வந்திருக்கிறது என்று நினைத்து முன்னால் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் உள்ளே கேசரியைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வருவதற்குள் பேச்சு வெகுதூரம் போய்விட்டது.

“திடீரென்று ஆனதா, தேவ்?” என்று மார்கரெட் கேட்டார்.

“இல்லையில்லை. ரொம்ப நாளாகவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதுதான் கர்த்தருக்குச் சித்தமானது.”

“சுகந்தி எப்படி இருக்கிறாள்?”

“அவளுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பழகிவிடுவாள்.”

அடக்கம் எப்போது என்று கேட்க வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, “நாளைக்கு என்ன ஏற்பாடு?” என்று மட்டும் கேட்டிருக்கிறார் மார்கரெட்.

“காலையில் சர்ச் முடிந்ததும் கடலில் இறக்கிவிடுவோம்” என்றார் இவர், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த அம்மாள் நின்ற நிலையைப் பார்த்த என் மகள் ஜெனி, ஓடிப்போய்ப் போர்வையை இழுத்தாள். உள்ளே இருந்தது படகு. என் வீட்டுக்காரர் வாங்கிய படகு. அன்று நடந்தது அந்தப் படகுக்கான ஸ்தோத்திரக் கூட்டம். ஜெபம் முடிந்த பிறகுதான் துணியை விலக்க வேண்டும் என்று அவரே ஒரு திட்டம் வைத்திருந்தார்.

மார்கரெட் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் கொண்டுவந்த கறியையும் உருளைக்கிழங்கையும் நாங்கள் சாப்பிட்டோம். அவர் இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெனி மட்டும் எதுவும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். புது வண்டி வாங்கினால் நீங்கள் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவீர்கள் அல்லவா? நாங்கள் போதகரை அழைத்து ஜெபம் செய்து, வந்தவர்களுக்கு இனிப்பு கொடுப்போம். அவ்வளவுதான் வித்தியாசம். சந்தோஷம் இரண்டிலும் ஒன்றுதான், அக்கம்பக்கத்துக்குக் காட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

நான் பிறந்து வளர்ந்தது பொம்மிடியில். அப்பா ரயில்வே கேட்கீப்பர். எங்கள் சர்ச் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. சேலம் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் பிரசங்கம் நிற்கும். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், விட்ட வார்த்தையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சரக்கு ரயில் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், பின்வரிசையில் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நரகத்தைப் பற்றிய பிரசங்கமாக இருந்தால், நடுவில் அத்தனை சத்தம் கேட்டு முடிந்த பிறகு அது அவ்வளவு பயமாக இருக்காது.

எங்கள் வீட்டில் நடந்த முதல் ஸ்தோத்திரக் கூட்டம் அம்மாவின் கிரைண்டருக்கு. ஐயர் மனம் உருகி, இதில் அரைபடும் மாவு அக்கம்பக்கத்தாருக்கும் ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று சத்தமாக ஜெபித்துவிட்டார். மறுநாள் விடியற்காலையிலிருந்து அக்கம்பக்கத்தார் ஊறவைத்த அரிசியோடு வாசலில் நின்றார்கள். ஆமென் சொன்ன வாயால் இல்லையென்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. அந்தக் கிரைண்டர் எங்களுக்கு அரைத்ததைவிட ஊருக்கு அரைத்ததுதான் அதிகம்.

அதற்குப் பிறகு வீட்டில் இன்னொரு பெரிய சாமான் வருவதற்குள் நான் பள்ளிக்கூடமே முடித்துவிட்டேன். அந்த வேகத்துக்கு ஸ்தோத்திரக் கூட்டம் பொருத்தமாக இருந்தது. இங்கே காலிங்பெல் அடித்தால் ஒரு பெட்டி நிற்கிறது. போதகர் பாவம், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். கார், வீடு, பெரிய டிவி, அதைவிடப் பெரிய டிவி, வெளியில் வைத்துக் கறி சுடும் அடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வேதபகுதி தேடித் தேடி அவர் களைத்துப்போனார். படகு என்றதும்தான் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. படகுக்கு வேதத்தில் பஞ்சம் இல்லையே.

3

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர். மாமனார் வீடு மஞ்சளும் கரும்பும் போட்ட குடும்பம். இவர் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவர். கல்யாணம் ஆகும்வரை கடலை ஒரே ஒரு முறை, அதுவும் கணுக்கால் அளவுக்குப் பார்த்தவர். அவர் எதற்குப் படகு வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

“இந்த ஊர்ல எல்லார் வூட்டு முன்னாலயும் ஒண்ணு நிக்குது சுகந்தி. நம்ம வூட்டு முன்னால மட்டும் காலியா இருக்குது. இது ஒண்ணு போதும். இதுக்கப்புறம் ஆண்டவர்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேன்.”

“டிவிக்கும் இதையேதான் சொன்னீங்க.”

“அது வேற. அது வூட்டுக்குள்ள.”

எனக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஹாலுக்குத் திரைச்சீலை மாற்றினேன். மாற்றியதும் சோபா பழசாகத் தெரிந்தது. சோபா மாற்றியதும் சுவரின் நிறம் கண்ணை உறுத்தியது. ஒவ்வொன்றும் வந்த அன்று இரவு நன்றாகத் தூங்குவேன். ஒரு வாரத்தில் அந்தப் பொருள் வீட்டில் இருப்பதே மறந்து, இல்லாத பொருள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

படகு வந்ததோடு தொல்லையும் வந்தது. டிரெய்லருக்குத் தகுதிச் சான்று வேண்டும், ரேடியோவுக்குப் படகின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஊரில் வீட்டுக்கு வைப்பதுபோல ‘பெத்தேல்’ என்று பெயர் சொல்லியிருக்கிறார், போனில். அந்தப் பக்கம் இருந்தவர் ‘பெத் எல்.’ என்று எழுதிக்கொண்டார். அதைத் திருத்த மூன்று அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் போட்டும் நடக்கவில்லை. ஆக, தேவனுடைய வீடு என்று வைத்த பெயர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயராக நின்றுவிட்டது. என்னோடு வேலை செய்பவர்கள் இன்றுவரை, “உன் புருஷனும் பெத்தும் சௌக்கியமா?” என்று விசாரிக்கிறார்கள்.

சொன்னபடி மறுநாள் சர்ச் முடிந்து கடலில் இறக்கினார். சபையிலிருந்து ஒரு நண்பரும் கூடப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் காலையில் சாப்பிட்ட இட்லி, முந்தின நாள் கேசரி எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து பெத் எங்கள் வாசலில்தான் நிற்கிறாள். சனிக்கிழமைதோறும் இவர் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறார்.

4

ஜெனி இங்கேயே பிறந்தவள். பள்ளியின் கடைசி வருடம். அவளுடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தமிழ் படித்தது ஞாயிறு பள்ளியிலும் ஜெபக் கூட்டங்களிலும் மட்டுமே. ஆகவே ஆண்டவரிடம் பேசும் தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். “அப்பா, எனக்குக் கொஞ்சம் சாம்பார் தாரும்” என்பாள். காரில் வேகமாகப் போனால், “எங்களைக் காத்தருளும், மெதுவாகப் போம்” என்பாள். ஊருக்குப் போனபோது பொம்மிடி கடைத்தெருவில் ஒரு பூக்காரரிடம், “இது என்ன விலை, எனக்குச் சொல்லும்” என்று கேட்டாள். அவர் பயந்துபோய் ஒரு முழம் கூடுதலாகவே கொடுத்துவிட்டார்.

இந்த வருடம் அவளுக்குத் திடப்படுத்தல் நடக்க வேண்டும். குழந்தையில் பெற்றோர் கொடுத்த வாக்கைப் பிள்ளை வளர்ந்து தன் வாயால் ஏற்றுக்கொள்ளும் சடங்கு அது. அதன்பிறகுதான் நற்கருணை அப்பமும் ரசமும் எடுக்கலாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று. ஊரிலிருந்து நாங்கள் வரும்போது பெட்டியில் கொண்டுவந்த எல்லாம் கிழிந்தும் உடைந்தும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது விசுவாசம் ஒன்றுதான். அதை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

படகுக் கூட்டம் முடிந்த இரண்டாவது வாரம் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள். “எனக்கு இந்த வருஷம் திடப்படுத்தல் வேண்டாம்.”

இவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. “ஏம்மா?”

“சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.”

“இல்லாம என்னா? நல்ல ஸ்கூலு, நல்ல வூடு, உனுக்குன்னு தனி ரூமு. எல்லாம் ஆண்டவரு குடுத்ததுதான.”

“அதுதான் அப்பா. நம்முடைய வீட்டில் சாட்சி என்றால் வாங்கின சாமான். கார் வந்தது, ஸ்தோத்திரம். டிவி வந்தது, ஸ்தோத்திரம். பார்சல் கொண்டுவருகிறவர் வருகிறார், நாம் கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறோம், தேங்க் யூ சொல்கிறோம், கதவை மூடுகிறோம். ஆண்டவரையும் அப்படித்தான் செய்கிறோம். அவர் உள்ளே வருகிறதே இல்லை.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு எல்லாம் இருக்கிறது. கேட்க ஒன்றும் இல்லை. அப்புறம் அவரிடம் நான் ஏன் போக வேண்டும்?” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“வெள்ளக்காரப் புள்ளைங்களோட சேந்து ரொம்பப் பேசக் கத்துக்கிட்டா” என்று இவர் எழுந்து போனார். அந்தச் சனிக்கிழமை படகைக் கழுவவில்லை.

5

மனசு தாங்காமல் பொம்மிடிக்குப் போன் செய்தேன். கிரேஸ் அண்ணி என் அண்ணன் மனைவி. என்னைவிட ஒரு வயதுதான் பெரியவர். ஸ்டேஷன் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார். முதலில் படகின் போட்டோவைக் காட்டச் சொன்னார்.

“நல்லாத்தான் இருக்குது. தண்ணி எங்க?”

“தண்ணி தூரத்துல இருக்குது அண்ணி.”

“அப்ப தேவராசு தம்பி வாசல்ல உக்காந்து துடுப்பு போடுதா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நான் ஜெனி சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. தோசையைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தினூடே எனக்குப் பழைய ஞாயிறு ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணன் திடீரென்று மாரடைப்பில் போய், நான் அடக்கத்துக்கு ஓடிப்போயிருந்த சமயம். அந்த வாரமே ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஒருவர் பைக் வாங்கினதற்கு நன்றி சொன்னார், ஒருவர் மகனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததற்கு. பிறகு யாரும் எதிர்பாராமல் அண்ணி எழுந்தார். சர்ச்சே திரும்பிப் பார்த்தது.

“அவரு போயிட்டாருங்க. வூடு வெறிச்சின்னு இருக்குது. சோறு எறங்கல. ஆனா நேத்து அழுதுகிட்டே படுத்தனா, யாரோ கிட்ட உக்காந்திருக்கற மாதிரி இருந்திச்சிங்க. அப்படியே தூங்கிட்டேன். ஆண்டவரு கூட இருக்காருங்க. அதுக்கு ஸ்தோத்திரம்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். ஒரு பொருளும் வாங்காமல் சொன்ன நன்றி அது. ஐயர் அடுத்த பாட்டின் எண்ணைத் தப்பாகச் சொன்னார்.

போனில் அண்ணி மறுபடி பேசினார். “புள்ள ஆண்டவர வேணாம்னு சொல்லலியே சுகந்தி. பார்சல வேணாம்னுதான சொல்றா. அதுக்கு ஏன் நீ அழுவுற?”

“அவளுக்கு நான் என்னா பதில் சொல்றது?”

“எனக்கு என்னா தெரியும். நான் படிச்சவளா? நாலு பேருக்கு இட்லி வேவ வெக்கறவ.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுக்காவ மிக்ஸி அனுப்பறேன்னியே, அத நிறுத்திப்புடாத. வந்தா வாங்கிக்குவேன். கூட்டமெல்லாம் வெக்க மாட்டேன்” என்றார்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

6

மாதக் கடைசி ஞாயிறு எங்கள் சபையிலும் சாட்சி நேரம். என் வீட்டுக்காரர் எழுந்தால் பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள், சிறுவர்கள் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அன்று அவர் எழுந்ததும் பின்னாலிருந்து யாரோ, “போட்டு எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார்கள்.

“போட்டு நல்லா இருக்குதுங்க. நான்தான் அதுல நல்லா இல்லீங்க” என்றார். சபை சிரித்தது. அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“இந்த நாட்டுக்கு வந்த புதுசுல கிவிப் பழத் தோட்டத்துல வேல செஞ்சங்க. பொஞ்சாதி ஊர்ல. ஒரே ரூமுல கும்பலா இருந்தோம். வேல முடிஞ்சி ரூமுக்கு நடந்துதான் வரணும். வழியெல்லாம் ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டு வருவேன். இன்னிக்கு மழைங்க, மேஸ்திரி திட்டிட்டாருங்க, கையெல்லாம் காந்துதுங்கன்னு. கேக்கறது ஒண்ணும் இல்லீங்க, சும்மா பேச்சு. ரூமுக்கு வந்தா மனசு நெறஞ்சி இருக்கும். கூட இருந்தவனுங்க, என்னாடா இவன் கஞ்சி குடிச்சிட்டு கல்யாணச் சாப்பாடு சாப்ட்ட மாதிரி இருக்கான்னு கேப்பானுங்க. அப்புறம் காரு வந்திச்சி. அதுக்குக் கூட்டம் வெச்சோம், ஜெபம் பண்ணோம். காருல பாட்டு போட்டுக்கிட்டுப் போவ ஆரம்பிச்சேன். பேச்சு நின்னு போச்சி. எப்ப நின்னுச்சின்னே எனக்குத் தெரியலீங்க. அப்புறம் என்னா வாங்கினாலும் அந்தக் கஞ்சி குடிச்ச நெறவு வரல. வரலன்னுதான் இன்னொண்ணு வாங்கினேன்.”

எதற்கும் அழும் அந்த அம்மாகூட அழவில்லை, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பொண்ணு திடப்படுத்தலுக்கு வரமாட்டேங்கறா. அவளுக்காக ஜெபிங்கன்னு கேக்கலாம்னுதான் எந்திரிச்சேன். இப்ப நின்னு யோசிச்சா, எனக்காகத்தான் கேக்கணும்போல இருக்குதுங்க.”

அவர் உட்கார்ந்தபோது ஜெனி அவரைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு அடுத்து அவர் படகை விற்றுவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விற்கவில்லை. கோடையில் பழகிவிடும் என்கிறார், வாந்தி மாத்திரைகூட வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் வேலைக்குக் காரை எடுக்காமல் நடந்து போகிறார். மார்கரெட், “கார் ரிப்பேரா, தேவ்?” என்று கேட்டால் தலையாட்டிவிட்டு நடக்கிறார். வழியில் உதடு அசைகிறதாம். “உன் புருஷன் போனில் பேசுவது யாரோடு?” என்று அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கவலையோடு விசாரித்தார். பெத்தோடு இல்லை என்று சொல்லிவைத்தேன்.

போன ஞாயிறு திடப்படுத்தல் நடந்தது. பெயர் வாசித்தார்கள். ஜெனியின் பெயர் அதில் இல்லை. அவள் வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் முன்னால் போய் முழங்கால் போட்டபோது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

இன்று காலை நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறை மேசையில் இவரும் ஜெனியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் கண்ணை மூடியிருந்தார்கள். நடுவில் இரண்டு டம்ளர் காபி, ஏடு படிந்து ஆறிக் கிடந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை. அடுத்து ஏதோ பெரிய பொருள் வரப்போகிறது என்றுதான் என் புத்தி போயிற்று. ஜெனிக்குக் கார் கேட்கிற வயது வேறு.

“என்னா வேணும்னு ஜெபம் நடக்குது?” என்றேன்.

இவர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஜெனி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“ஒன்றும் வேண்டாம் அம்மா. சும்மா அவரோடு இருக்கிறோம்” என்றாள். பக்கத்து நாற்காலியைக் காலால் எனக்காக வெளியே தள்ளினாள். “நீரும் உட்காரும்.”

தோளிலிருந்த பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.